ஐவரையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணியின் ஆஃபென்ஸிவ் லைன் (பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் வரிசை) மூப்படைந்துவிட்டால், பழையவர்களை மொத்தமாக அனுப்பிவிட்டு டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) வரும் இளைஞர்களை உடனே களமிறக்க வேண்டும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை வாதிடுகிறது. இளைஞர்கள் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ‘மொத்தமாக’, ‘உடனே’ என்ற இரண்டு சொற்களோடுதான் சண்டை. ஓர் ஆண்டில் இரண்டு இடங்களுக்கு மேல் புதுமுகங்களிடம் கொடுக்கக் கூடாது. அந்த இரண்டும் அடுத்தடுத்த இடங்களாக இருக்கக் கூடாது. பழையவரின் இடத்துக்கு வருபவர், அவர் போகும் ஆண்டில் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டிலேயே அணிக்குள் வந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் மீறிய அணிகள் என்ன பாடுபட்டன என்பதற்குக் கடந்த பத்து ஆண்டுகளிலேயே போதிய சான்றுகள் உள்ளன.

இடமிருந்து வலமாக லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர், ரைட் கார்டு, ரைட் டேக்கிள் என ஐந்து பேர். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒருவர் சொதப்பினால் பந்து அவருக்குப் போகாது, அவ்வளவுதான். இந்த ஐவரில் ஒருவர் சொதப்பினால் பக்கத்தில் இருப்பவரின் வேலையும் கெடும். கட்டுரையில் விடுபட்டது இதுதான்.

ஒரு காட்சியை அருகில் போய்ப் பார்க்கலாம். எதிரணித் தடுப்பு வரிசையின் உள்பக்க ஆளான டிஃபென்ஸிவ் டேக்கிள் நேராக வராமல், வெளிப்பக்கமாகச் சாய்ந்து நம் டேக்கிளின் உள்தோளில் மோதுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வளைந்து, வெளிமுனையில் நிற்கும் டிஃபென்ஸிவ் எண்டு உள்ளே நுழைகிறார். எதிரணியினர் இருவர் இப்படி இடம் மாறி நுழைவதை ஸ்டன்ட் என்பார்கள். கார்டு என்ன செய்ய வேண்டும்? தன் தோள்கள் இரண்டையும் எதிரணிக்கு நேராக வைத்தபடியே, வெளிக்கையால் அந்த ஆளைத் தன் டேக்கிளிடம் தள்ளிவிட்டு, கண்ணை உடனே உள்பக்கம் திருப்ப வேண்டும். புதுமுக கார்டு என்ன செய்கிறார்? தன் ஆள் நழுவுகிறாரே என்று அவரைத் துரத்துகிறார். துரத்தினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் முதுகு சென்டரைப் பார்க்கும். கார்டுக்கும் சென்டருக்கும் நடுவே ஒரு வாசல் திறக்கும். பந்து கையில் வந்து இரண்டரை வினாடிகூட ஆகாத நிலையில் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்தில் பின்வாங்கியிருக்க வேண்டும். டேக்கிள் ஒரு யார்டு அதிகமாகப் பின்னால் போயிருந்தால், ஆளைக் கைமாற்றவே முடியாது. இருவருக்கும் இடையில் இருக்கும் அந்தப் படிக்கட்டில்தான் எதிரி ஏறி வருவார். எத்தனை அடி பின்னால் போவது, எந்த நொடியில் கைமாற்றுவது என்பதை அந்த இருவரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான முறை செய்துதான் பழக முடியும். அதற்கோ நேரமில்லை. 2011ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீசன் நடக்கும்போது முழுக் கவசத்தோடு பயிற்சி எடுக்க ஓர் அணிக்கு 14 நாள்களே அனுமதி. ஒரே நாளில் இரண்டு வேளையும் கவசத்தோடு மோதிய பழைய முகாம்களும் அந்த ஒப்பந்தத்தோடு போயின. அடுத்தடுத்து நிற்கும் இருவருமே புதியவர்கள் என்றால், கற்றுக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்தான் நடக்கும். ஒருவராவது பழகியவராக இருந்தால், அவர் வாயாலேயே பாதியைச் சரிசெய்துவிடுவார்.

கல்லூரி ஆட்டமும் முன்போல் இவர்களைத் தயார்செய்து அனுப்புவதில்லை. பெரும்பாலான கல்லூரி அணிகள் வீரர்களை அகலமாகப் பரப்பி நிறுத்தும் ஸ்பிரெட் முறையில் ஆடுகின்றன. கையைத் தரையில் ஊன்றிக் கிளம்பும் பழக்கமே பலருக்குக் குறைவு. பந்து சட்டென்று கைமாறிவிடுவதால் மூன்று வினாடி தாக்குப்பிடிக்க வேண்டிய தேவையும் குறைவு. விதியிலும் வேறுபாடு உண்டு: பாஸ் போகும்போது கல்லூரியில் லைன் வீரர் மூன்று யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். ஓட்டமா பாஸா என்பதைக் கடைசி நொடியில் குவார்ட்டர்பேக் முடிவுசெய்யும் ஆட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு முன்னே பாய்ந்து பழகியவர், இங்கே வந்து அதையே செய்தால் ஐந்து யார்டு அபராதம்.

புதுமுக டேக்கிள் எங்கே தோற்கிறார் என்பதும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். வெளிப்பக்க வேகத்துக்குப் பயந்து மூன்றாவது எட்டை அகலமாக வைக்கிறார். உடல் எடை முழுவதும் வெளிக்காலுக்குப் போய்விடுகிறது. அனுபவமுள்ள எண்டு அதற்காகவே காத்திருந்து, ஒரு தோள் அசைவில் ஏமாற்றி உள்ளே வெட்டுகிறார். அடுத்த ஆட்டத்தில் உள்பக்கத்தை அடைக்கப் போய், வெளிப்பக்கம் கோட்டை விடுகிறார். கால் தாமதமானால் கை நீளும். கை நீண்டால் ஹோல்டிங் (எதிரியைப் பிடித்து இழுக்கும் குற்றம்), பத்து யார்டு அபராதம்.

கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2024இல் இதைக் கண்கூடாகக் கண்டது. இரண்டாம் சுற்றில் வந்த கிங்ஸ்லி சுவாமதாயாவை முதல் வாரமே லெஃப்ட் டேக்கிளாக இறக்கினார்கள். இரண்டாவது வாரம் சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டம் முடிவதற்குள் வெளியே உட்காரவைத்தார்கள். கடைசியில் கார்டாக இருந்த ஜோ தூனியையே அந்த இடத்துக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. அந்த சீசனின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் பிலடெல்பியா ஈகிள்ஸ், சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்து (பந்தை வீசுமுன் வீழ்த்தி) 40-22 என்று வென்றது. சுவாமதாயா 2025இல் லெஃப்ட் கார்டாக ஆடினார். டேக்கிளாகத் தடுமாறியவரைத் தூக்கி எறியாமல் உள்ளே நகர்த்தியது சரியான முடிவு. இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் இடத்தில் அந்த அகலமான மூன்றாவது எட்டுக்கு வேலையே இல்லை.

புதுமுக டேக்கிளுக்கு முட்டுக்கொடுக்க வழிகள் உண்டு. டைட் எண்டை (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) அவர் பக்கம் நிறுத்தி எதிரணி எண்டின் தோளில் ஓர் இடி கொடுத்துவிட்டுப் போகச் சொல்லலாம். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை அதே வேலைக்கு வைக்கலாம். சென்டரும் கார்டும் அவர் பக்கமே சரியலாம். பந்தை மூன்று எட்டுக்குள் வீசலாம். ஆனால் இவற்றில் எதுவும் இலவசமில்லை. இடி கொடுக்க நின்றவர் ரிசீவராக ஓடத் தாமதமாகும். ஐவர் சரியும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் டேக்கிள் தனித்து விடப்படுவார்; ஆக, அவர் உறுதியானவராக இருந்தே தீர வேண்டும். ஒரு பக்கம் புதுமுகம் என்றால் சமாளிக்கலாம். இரண்டு பக்கமும் புதுமுகம் என்றால் எந்தப் பக்கம் சரிவது?

சென்டர் விஷயத்துக்கு வருகிறேன். என் கணக்கில் மாற்றத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். பலரும் கடைசியாக நினைப்பதும் அதைத்தான். எதிரணி வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் யார் என்று கைநீட்டிக் காட்டி, ஐவரும் எந்தப் பக்கம் சரிவது என்று அழைப்பவர் அவர். வெளியூர் மைதானத்தில் கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் காதில் விழாது. அப்போது கார்டு திரும்பிப் பார்த்து, குவார்ட்டர்பேக் தயார் என்றதும் சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை அசைத்து ஒரு கணக்கு வைத்துப் பந்தைக் கொடுப்பார். அந்தக் கணக்குத் தெரியாத டேக்கிள் ஒரு கணம் பிந்திக் கிளம்புவார், அல்லது முந்திக் கிளம்பி ஐந்து யார்டு இழப்பார். சென்டரும் புதியவர், தட்டுகிற கார்டும் புதியவர், குவார்ட்டர்பேக்கும் இளையவர் என்றால் அந்த அணி தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்ளும்.

ஈகிள்ஸ் செய்ததைப் பாருங்கள். 2011இல் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட ஜேசன் கெல்சி 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கான கேம் ஜர்கன்ஸை அணி எடுத்தது 2022இலேயே, இரண்டாம் சுற்றில். முதல் ஆண்டு பெரும்பாலும் பெஞ்சு. 2023இல் ரைட் கார்டு. இடப்பக்கம் கெல்சி, வலப்பக்கம் லேன் ஜான்சன். 2024இல் சென்டர். அந்த ஆண்டே ரன்னிங் பேக் சாக்குவான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், கோப்பையும் வந்தது. ஓராண்டு முழுக்கக் கெல்சியின் அழைப்புகளைப் பக்கத்தில் நின்று கேட்டவருக்கு அந்த வேலை புதிதாகவே இருந்திருக்காது. நாற்று விட்ட பிறகு நடவு என்பது இதுதான்.

டெட்ராய்ட் லயன்ஸுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. சென்டர் ஃபிராங்க் ராக்னோ 2025 ஜூனில், 29 வயதிலேயே, உடல் ஒத்துழைக்கவில்லை என்று விலகினார். டிராஃப்ட் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரைட் கார்டு கெவின் ஸைட்லரும் ஏற்கெனவே போயிருந்தார். லெஃப்ட் கார்டு கிரஹாம் கிளாஸ்கோவை சென்டருக்கு நகர்த்தி, அவருடைய இருபுறமும் கிறிஸ்டியன் மஹோகனி, டேட் ராட்லெட்ஜ் என்ற இரண்டு இளைஞர்களை நிறுத்தினார்கள். நடுவில் மூன்று இடங்களும் ஒரே ஆண்டில் மாறின. ‘மூத்தவர்’ என்பதை வயதை வைத்து மட்டும் எண்ணக் கூடாது என்பதற்கும் இது உதாரணம். புதன்கிழமைப் பயிற்சிகளைத் தவறவிடுவது, முன்பு கால் செய்த வேலையைக் கை செய்யத் தொடங்கி ஹோல்டிங் கொடிகள் (நடுவர் வீசும் குற்றக்கொடிகள்) கூடுவது, ஒரே காயம் இரண்டு சீசன்களில் திரும்புவது: இவற்றில் இரண்டு தென்பட்டாலே அந்த இடத்துக்கு ஆள் தேட வேண்டும், அவருக்கு வயது 28 ஆனாலும்.

டல்லாஸ் கௌபாய்ஸைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு முழுமையடையாது. 2011இல் டைரான் ஸ்மித், 2013இல் டிராவிஸ் ஃபிரெடெரிக், 2014இல் ஜாக் மார்ட்டின் என்று மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளால் அவர்கள் கட்டிய லைன்தான், 2014இல் டிமார்க்கோ முர்ரே 1,845 யார்டு ஓட வழி திறந்தது. நான்கு டிராஃப்ட்களில் மூன்று பேர் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தலைமுறை கலைந்தபோதும் அவர்கள் ஒரேயடியாகக் கைவைக்கவில்லை. 2022இல் டைலர் ஸ்மித், 2024இல் டைலர் கைட்டனும் கூப்பர் பீபியும், மார்ட்டின் ஓய்வு பெற்ற 2025இல் டைலர் புக்கர். 2024 தொடக்கத்தில் இடமிருந்து எண்ணினால் புதுமுகம், பழகியவர், புதுமுகம், மூத்தவர். நான் சொல்லும் இடைவெளி அங்கே இருந்தது.

ஆனாலும் அந்த ஆண்டு சறுக்கினார்கள். காரணம் வேறு. கைட்டன் கல்லூரியில் ரைட் டேக்கிள். இங்கே லெஃப்ட் டேக்கிள். பீபி கல்லூரியில் கார்டு, இங்கே சென்டர். புதுமுகத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு புதுமைகள். பக்கம் மாறினால் பின்வைக்கும் கால் மாறும், முதலில் நீளும் கை மாறும், இடுப்பு திறக்கும் திசை மாறும். கண்ணாடியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது போன்ற வேலை. கைட்டன் மீது கொடிகள் தொடர்ந்து விழுந்தன. பெனெய் சுவெல் 2021இல் லெஃப்ட் டேக்கிளிலிருந்து ரைட் டேக்கிளுக்கு வந்து தலைசிறந்தவராக ஆனாரே என்பார்கள். ஆனார். ஏழாவது ஆளாக எடுக்கப்பட்ட அபூர்வத் திறமையை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. பக்கம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், இரண்டாம் ஆண்டில் மாற்றுங்கள்.

உங்கள் கட்டுரையாளரின் பலமான ஆதாரம் சீஃப்ஸின் 2021. அதை மழுப்ப முடியாது. அதற்கு முந்தைய சூப்பர் பவுலில் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லாமல், மஹோம்ஸ் 29 முறை நெருக்கடிக்கு ஆளாகி, டாம்பா பேயிடம் 31-9 என்று தோற்றார்கள். அடுத்த சீசன் தொடக்கத்தில் ஐந்து இடங்களிலும் வேறு ஆட்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, சீசனில் 70 சாக் எடுத்திருந்த ஈகிள்ஸுக்கு சூப்பர் பவுலில் ஒரு சாக்கூடக் கொடுக்காமல் கோப்பையை வென்றார்கள். உண்மை. ஆனால் அந்த ஐவர் யார்? லெஃப்ட் டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுன் பால்டிமோரில் மூன்று ஆண்டுகள் ஆடிவிட்டு வந்தவர். லெஃப்ட் கார்டு தூனி ஐந்து ஆண்டுக்கு 8 கோடி டாலர் கொடுத்து வாங்கப்பட்டவர், நியூ இங்கிலாந்தில் இரண்டு சூப்பர் பவுல் வென்றவர். அவர் தோளை ஒட்டித்தான் புதுமுக சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி நின்றார். வலப்பக்கம் ஆறாம் சுற்றில் வந்த டிரே ஸ்மித்தும், முந்தைய சீசனில் ஆடாமல் விலகியிருந்த லூகஸ் நியாங்கும். இளைஞர்களை நம்பினார்கள் என்பது பாதி உண்மை; அவர்களுக்கு நடுவே நிற்க விலைகொடுத்து ஆள் வாங்கினார்கள் என்பது மறுபாதி. மஹோம்ஸ் போன்ற ஒரு குவார்ட்டர்பேக் பின்னால் நின்றதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸின் 2023. லெஃப்ட் டேக்கிள் ஆண்ட்ரூ தாமஸ் முதல் வாரமே தொடைத் தசையில் காயம்பட்டு ஏழு ஆட்டங்கள் வெளியே. சென்டர் புதுமுகம். ரைட் டேக்கிள் எவான் நீல் இரண்டாம் ஆண்டிலும் காலூன்றவில்லை. சீசன் முடிவில் 85 சாக். 1986இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் கொடுத்த 104க்கு அடுத்தபடியாக வரலாற்றிலேயே மோசம்.

பணக் கணக்கை ரசிகர்கள் மட்டுமல்ல, எழுதுபவர்களும் தாண்டிப்போகிறார்கள். மூத்தவரை நீக்கினால் அவர் சம்பளம் அப்படியே மிச்சம் என்பது தவறு. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்திருந்தால், சம்பள வரம்பில் (ஓர் ஆண்டில் வீரர்களுக்குச் செலவிட லீக் விதிக்கும் உச்சவரம்பு) அது ஆண்டுக்கு 40 லட்சமாகப் பிரித்து எழுதப்படும். மூன்று ஆண்டு முடிந்து நீக்கினால், மிச்சமுள்ள 80 லட்சமும் அந்த ஆண்டுக் கணக்கில் ஒன்றாக விழும். ஜூன் 1க்குப் பிந்தைய நீக்கம் என்று குறித்தால் 40 லட்சம் இந்த ஆண்டு, 40 லட்சம் அடுத்த ஆண்டு. ஆனால் அப்படிக் குறிக்க ஓர் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மூன்று மூத்தவர்களை ஒரே மார்ச்சில் அனுப்பினால், களத்தில் இல்லாதவர்களுக்காக வரம்பில் பெரிய ஓட்டை விழும்.

வரும் பக்கத்திலும் இதே சிக்கல். டிராஃப்ட் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றுக்காரருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டு விருப்பம் (அணி விரும்பினால் இன்னோர் ஆண்டு நீட்டிக்கும் உரிமை) உண்டு. நான்கு பேரை ஒரே ஆண்டில் எடுத்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டு நிற்பார்கள். ஹம்ஃப்ரி, ஸ்மித் இருவரும் 2021இல் வந்தவர்கள். 2024இல் ஹம்ஃப்ரிக்கு நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர், 2025இல் ஸ்மித்துக்கு நான்கு ஆண்டுக்கு 9.4 கோடி. இந்த இரண்டுக்கும் நடுவில், 2025 மார்ச்சில், தூனி சிகாகோவுக்கு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காகக் கைமாறினார். ஐந்தாம் ஆண்டு விருப்பத்தில் இன்னொரு கோணல்: லைன் வீரர் அனைவரையும் ஒரே பட்டியலில் வைத்துத் தொகை கணக்கிடுகிறார்கள். டேக்கிள்களின் சம்பளம் அந்தத் தொகையை மேலே இழுத்துவிடுவதால், சென்டரையும் கார்டையும் அந்த விலைக்கு வைத்திருக்கக் கட்டுப்படியாவதில்லை. டைலர் லிண்டர்பாம் போன்ற முன்னணி சென்டருக்கே பால்டிமோர் 2025இல் அந்த விருப்பத்தைப் பயன்படுத்தவில்லை. அதனால் முதல் சுற்றில் டேக்கிள், இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் உள்வரிசை என்பதே கணக்குக்கு ஒத்துவரும். விதிவிலக்குகள் உண்டு, மார்ட்டின் போன்றவர் கிடைத்தால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

கைநீளம் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி வந்தது. டேக்கிளுக்கு 34 அங்குலம் என்பது நல்ல வடிகட்டி, சட்டமல்ல. வில் கேம்ப்பெல்லுக்குத் தேர்வு முகாமில் 33 அங்குலம்கூட வரவில்லை. நியூ இங்கிலாந்து அவரை 2025இல் நான்காவது ஆளாக எடுத்தது. கை குட்டையென்றால் எதிரி முதலில் தொடுவார். அதைக் காலாலும் நேரத்தாலும் ஈடுகட்டத் தெரிந்திருக்க வேண்டும். மறுபுறம், உயரமும் நீளமும் மட்டுமே இருந்த ஜோர்டான் மைலாட்டா ரக்பியிலிருந்து வந்து, 2018இல் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டு, 2020 வரை ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. பிறகு 2019இன் முதல் சுற்றுக்காரர் ஆண்ட்ரே டில்லார்டைத் தாண்டி லெஃப்ட் டேக்கிள் இடத்தைப் பிடித்தார். இரண்டு ஆண்டு காத்திருக்கப் பொறுமையும், அந்த இரண்டு ஆண்டும் கற்றுக்கொடுக்க ஜெஃப் ஸ்டவுட்லண்டு போன்ற பயிற்சியாளரும் இருந்ததால் நடந்தது அது.

பயிற்சியாளரை அணிகள் மிக மலிவாக மதிப்பிடுகின்றன. 2016 ஜனவரியில் டென்வர் அணி நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை 20 முறை அடித்துச் சாய்த்தது. அடுத்த மாதமே நியூ இங்கிலாந்து, ஓய்விலிருந்த லைன் பயிற்சியாளர் டான்டே ஸ்கார்னெக்கியாவைத் திரும்ப அழைத்தது. 2016இல் மூன்றாம் சுற்றுப் புதுமுகம் தூனி, முந்தைய ஆண்டின் நான்காம் சுற்று ஷாக் மேசன், டிராஃப்டில் யாருமே எடுக்காத டேவிட் ஆண்ட்ரூஸ் என்று உள்வரிசை மூவரும் இளைஞர்கள். அடுத்த பிப்ரவரியில் கோப்பை. என் விதிக்கு எதிரான உதாரணம்தான் இது, மறைக்கவில்லை. அப்படியொரு ஆசான் கையில் இருந்தால் விதியைத் தளர்த்தலாம். இளைஞர்களைக் கொண்டுவரும் அதே கோடையில் லைன் பயிற்சியாளரையும் மாற்றுவதுதான் மன்னிக்க முடியாதது. காலடி முதல் அழைப்புச் சொல் வரை எல்லாம் மாறும். மூத்தவரும் அன்றைக்குப் புதுமுகமாகிவிடுவார்.

நடைமுறையில் நான் கேட்பது அதிகமில்லை. ஆட்ட நாளில் 48 பேரை இறக்க வேண்டுமானால் அதில் எட்டுப் பேர் லைன் வீரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. ஏழு பேரோடு வந்தால் 47தான். அந்த மூன்று மாற்று ஆட்களில் ஒருவர் இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த, முப்பதைத் தாண்டிய டேக்கிளாக இருக்கட்டும். இன்னொருவர் சென்டரும் கார்டும் ஆடக்கூடியவர். மூன்றாவது இடம்தான் அடுத்த ஆண்டுக்கான இளைஞருக்கு.

முன்னோட்ட ஆட்டங்கள் இப்போது மூன்றுதான். அவற்றில் புதுமுக டேக்கிளை இரண்டாம் அணியோடு சேர்த்து ஆடவிட்டு, நன்றாக ஆடினார் என்று அறிக்கை விடுவதில் பயனில்லை. செப்டம்பரில் யார் பக்கத்தில் நிற்கப் போகிறாரோ அந்த மூத்த கார்டையும் அதே இருபது பந்துகளுக்கு இறக்க வேண்டும், எதிரணியின் முதல் அணி களத்தில் இருக்கும்போதே. ஆகஸ்டில் ஆட எந்த மூத்தவருக்கும் விருப்பமிருக்காது, முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்